வராததற்குக் காரணம்

அந்தப் பின்கதவு மூடப்பட்டு நூற்று முப்பத்தொன்பது மணி நேரம் ஆகியிருந்தது. ஹாலினா வண்டியைச் சுற்றி மறுபக்கம் வந்து, அப்பா திறந்தபடியே விட்டுப்போன வண்டிக் கதவைச் சாத்தினாள்.

"அப்பா, கையுறை."

அவர் காதில் விழவில்லை. கைகளைத் தொங்கவிட்டபடி மகளிர் சங்க ஹாலின் வாசலை நோக்கி நடந்துகொண்டிருந்தார். அம்மாவை அடக்கம் செய்துவிட்டுக் கல்லறையிலிருந்து நேராக வந்திருந்தார்கள். காற்று இல்லை. புகைபோக்கிகளிலிருந்து வெண்புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. இந்த ஊரில் புகை அப்படி எழுந்தால் அன்று குளிர் அதிகம் என்று அர்த்தம்.

மண் உறைந்து கிடந்ததால், குழி தோண்டும் இடத்தில் முந்தின நாளே ஓர் இரும்புக் கூண்டைக் கவிழ்த்து, உள்ளே இரவெல்லாம் காஸ் அடுப்பு எரித்து இளக்கியிருந்தார்கள். பெட்டியை இறக்கியபோது குழிக்குள்ளிருந்து லேசாக ஆவி வந்தது. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள சூடாத்தான் இருக்கும்போல," என்றார்.

பாதிரியார் அதை ஜெபம் என்று நினைத்துத் தலையசைத்தார்.

ஐந்து நாட்களாக அப்பா எந்தக் கதவையும் மூடவில்லை. குளியலறைக் கதவு, ஃப்ரிட்ஜ் கதவு, இன்று காலை வீட்டு வாசல் கதவு. ஹாலினா பின்னாலேயே போய் ஒவ்வொன்றாக மூடினாள். "ஊருக்கே சூடு போடப் போறீங்களா? கதவ மூடுங்க!" என்று ஆயுள் முழுவதும் கத்தியவர் அவர். அவளுடைய சிறுவயதில் அந்த வீட்டில் அதிகமாகக் கேட்ட வாக்கியம் அதுதான். துக்கம் ஆளுக்கு ஆள் ஒவ்வொரு மாதிரி வரும் என்று அவள் எண்ணிக்கொண்டாள்.

ஹால் மகளிர் சேவைச் சங்கத்துக்குச் சொந்தமானது. தெருவைப் பார்த்து அவர்கள் நடத்தும் பழைய துணிக் கடை, நடுவில் கூட்டம் நடக்கும் அறை, பின்னால் சமையல்கட்டு. சமையல்கட்டிலிருந்து பின்சந்துக்கு ஒரு கதவு. யார்க்டன் ஊரில் யார் செத்தாலும், கேட்டால் சங்கத்துப் பெண்கள் வந்து சாப்பாடு செய்து தருவார்கள். சங்கத்துப் பெண்ணே செத்தால் கேட்க வேண்டியதில்லை. அம்மா அந்தச் சங்கத்தில் இருபத்தெட்டு வருடம் இருந்தாள்.

வாசலில் முரியல் நின்றிருந்தார். சங்கத்தின் தலைவி. ஒரு காலத்தில் ஹாலினா படித்த பள்ளியின் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். தாமதமாக வரும் பிள்ளைகளைப் பார்க்கும் அதே பார்வை இன்னும் இருந்தது.

"வா கண்ணு. நெஸ்டர், உள்ள வாங்க. கோட்ட குடுங்க."

அப்பா உள்ளே போனார். கதவு திறந்தே இருந்தது. முரியல் அவரைப் பார்த்தார், பிறகு ஹாலினாவைப் பார்த்தார், பிறகு தானே போய் மூடினார்.

"அவங்க எங்க?" என்று ஹாலினா கேட்டாள்.

"யாரு?"

"உங்களுக்குத் தெரியும் ஆன்ட்டி."

"வெர்னா சமையல்கட்டுல இருக்கா. ஹாலுக்குள்ள வரமாட்டா. நீ ஹாலுக்குள்ள வரக்கூடாதுன்னுதானே சொன்ன? சமையல்கட்டு ஹால் இல்ல."

"நான் சொன்னது அதில்ல."

"நாப்பது பேருக்குச் சாப்பாடு கண்ணு. அவ இல்லாம ஆகாது."

அதற்குமேல் பேச முரியல் இடம் தரவில்லை. ஹாலினாவின் கோட்டையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

*

போலீஸ்காரர் போனில் முதலில் சொன்னது நாலே வரிதான். ஹாலினா சஸ்கட்டூன் நகரில் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். வெள்ளிக்கிழமை காலை, மாதிரிக் குப்பிகளுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தபோது அந்த அழைப்பு வந்தது.

வியாழக்கிழமைகளில் அம்மா கடைக்கு வந்த துணிகளைப் பிரிப்பாள். எல்லோரும் போன பிறகும் இருந்து, கடைசியில் பூட்டிவிட்டு வருவாள். பின்கதவில் தானே பூட்டிக்கொள்ளும் தாழ்ப்பாள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு திருட்டு நடந்த பிறகு அப்பாதான் அதைப் பொருத்திக் கொடுத்தார். குப்பை போட வெளியே போகிறவர்கள், கதவிடுக்கில் ஓர் உடைந்த அயர்ன் பாக்ஸை வைத்துவிட்டுப் போவார்கள். விற்காத சாமான்களில் ஒன்று அது. நல்ல கனம். அன்று மாலை அம்மா அதை வைத்துவிட்டு, வெறும் ஸ்வெட்டரோடு, சந்து வளைவுக்கு அப்பால் இருக்கும் பெரிய குப்பைத்தொட்டிக்குப் போனாள். திரும்பி வந்தபோது கதவு மூடியிருந்தது. கோட்டும் போனும் சாவியும் உள்ளே. படியில் வழுக்கி விழுந்திருக்கிறாள். கணுக்கால் முறிந்திருந்தது.

படியோரம் யாரோ இரண்டு பை துணி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அம்மா அவற்றைப் பிரித்து, கிடைத்ததையெல்லாம் மாட்டிக்கொண்டிருக்கிறாள். பைகளில் இருந்தவை கோடைத் துணிகள். அரைக்கைச் சட்டைகள், ஒரு பூப்போட்ட கவுன், கடற்கரைத் துண்டு.

போலீஸ்காரர் அங்கே நிறுத்திவிட்டு இருமினார். இளைஞர்போல இருந்தது குரல். "இன்னொன்னு மேடம். அவங்க... சில துணிகளக் கழட்டியிருந்தாங்க. யாரும் எதுவும் செஞ்சதா தெரியல. நான் எப்படிச் சொல்றதுன்னு..."

"அது வழக்கமா நடக்கிறதுதான்," என்று ஹாலினா சொன்னாள். பரிசோதனைக் கூடத்தில் பேசும் அதே குரலில்தான் சொன்னாள். "உறைஞ்சு போறப்ப கடைசியில தோல் பக்கம் ரத்தம் திரும்ப வரும். ரொம்பச் சூடா இருக்கிற மாதிரி தோணும். அதனால கழட்டுவாங்க."

"அப்படியா," என்றார் அவர், நிம்மதியாக. பிறகு, "மடிச்சு வெச்சிருந்தாங்க மேடம். எல்லாத்தையும். ஒண்ணு மேல ஒண்ணா."

அவள் அடுத்த குப்பிக்கு எண் ஒட்டினாள்.

அவள் ஊர் வந்து சேர்ந்த அன்று இரவு வெர்னா வீட்டுக்கு வந்தார். கையில் துணி சுற்றிய பாத்திரம். அம்மாவோடு ஒரே வருடத்தில் சங்கத்தில் சேர்ந்தவர். பனி அதிகமான வியாழன்களில் அம்மா அவர் வீட்டிலேயே தங்கிவிடுவாள். இரண்டு பேரும் சீட்டாடுவார்கள். அதனால்தான் அன்று இரவு அம்மா வராதபோது அப்பா தேடவில்லை. "வண்டி ஸ்டார்ட் ஆகல. வெர்னா கூடப் போயிருப்பான்னு நெனச்சேன்," என்று போலீஸிடமும் ஹாலினாவிடமும் ஒரே மாதிரி சொன்னார். விடிந்ததும் வெர்னாவுக்குப் போன் செய்திருக்கிறார். இருவரும் சேர்ந்து போய்த்தான் அம்மாவைக் கண்டெடுத்தார்கள்.

வெர்னா உட்காரவில்லை. கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"அந்தக் கதவ நான்தான் மூடினேன்," என்றார். "அஞ்சரை மணி இருக்கும். கெளம்புறப்போ பாத்தேன், தெறந்து கெடந்துது. அவ பாத்ரூம்ல இருக்கான்னு நெனச்சு மூடிட்டு முன்வாசல் வழியாப் போயிட்டேன். போலீஸ்லயும் சொல்லிட்டேன். நீ என் வாயால கேக்கணும்னு வந்தேன்."

அப்பா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். டிவி அணைந்திருந்தது.

ஹாலினா பாத்திரத்தை வாங்கவில்லை. "ஒரு தடவ கூப்பிட்டுப் பாக்கலையா நீங்க?" என்று கேட்டாள். "'ஸ்டெஃபா'ன்னு அம்மா பேரச் சொல்லி ஒரு வார்த்த? ஒரே ஒரு வார்த்த?"

"கூப்பிடல."

"போங்க."

வெர்னா போனார். அப்பா எழுந்து வாசல்வரை போய் நின்றார், திறந்த கதவுக்குப் பக்கத்தில். குளிர் தரையோடு ஊர்ந்து அறைக்குள் வந்தது. "அப்பா!" என்று அவள் கத்திய பிறகும் நின்றுகொண்டே இருந்தார்.

*

சாப்பாடு எப்போதும் சங்கம் செய்வதுதான். முட்டை சாண்ட்விச், ஹாம் வைத்த பன், ஊறுகாய் வெள்ளரி, கசகசா உருட்டிய ரொட்டி, பேரீச்சம்பழத் துண்டுகள். பெரிய காபிப் பாத்திரம் மூலையில் கொதித்துக்கொண்டிருந்தது. அப்பாவிடம் ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். அவர் தட்டில் ஒரு பன் இருந்தது. யாரோ வைத்தது.

முரியல் ஹாலினாவின் பக்கத்தில் வந்து அமர்ந்தார்.

"சாப்பாடு முடிஞ்சதும் பேர் கூப்பிடுவேன். தெரியுமில்ல? கடைசி ஆஜர்."

தெரியும். சிறுவயதில் அம்மாவோடு கூட்டங்களுக்கு வந்திருக்கிறாள். முதலில் பெயர் கூப்பிடுவார்கள். வந்தவள் "இருக்கேன்" என்பாள். வராதவளுக்கு முரியல், "காரணம்?" என்று கேட்பார். தெரிந்தவள் ஒருத்தி எழுந்து சொல்ல வேண்டும். காய்ச்சல், சாலையில் பனி, மகளுக்குப் பிரசவம். காரணம் சொல்லப்படாமல் யாரும் வராமல் இருக்கக் கூடாது என்பது சங்கத்தின் முதல் விதி. இறந்தவளை அவளுடைய சாவுச் சாப்பாட்டில் ஒரு முறை கூப்பிடுவார்கள். அன்று காரணம் சொல்வது வீட்டு ஆட்கள்.

"நீ சொல்லு. நெஸ்டரால முடியாது. 'ஓய்வெடுக்கிறாங்க'ன்னு சொன்னாப் போதும். எல்லாரும் அதத்தான் சொல்றது."

"சரி ஆன்ட்டி."

"உங்கம்மாவுக்கு அது புடிக்காது," என்றார் முரியல். "மத்தவங்க சாவுல, 'அது என்ன ஓய்வு, ஹார்ட் அட்டாக்னு சொல்லு'ம்பா. பொய்க் காரணம் சொல்ல வராது அவளுக்கு. டோரீன் ஒருவாட்டி, உடம்பு சரியில்லன்னு சொல்லச் சொல்லி அனுப்பினா. இவ எழுந்து, 'காரணம், தலைக்கு அடிச்ச சாயம் பச்சையா வந்துருச்சு'ன்னுட்டா. டோரீன் ஒரு மாசம் இவகூடப் பேசல."

ஹாலினாவுக்குச் சிரிப்பு வந்தது. கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டாள். பால் எடுத்து வருவதாகச் சொல்லி எழுந்தாள். சமையல்கட்டில்தான் வெர்னா இருக்கிறார் என்பது பாதி வழியில்தான் நினைவுக்கு வந்தது. திரும்பினால் எல்லோரும் பார்ப்பார்கள்.

சமையல்கட்டுக்கும் ஹாலுக்கும் நடுவே சுவரில் தட்டு நீட்டும் அகலமான ஜன்னல். அதன் வழியே பேச்சு முதலில் வந்தது.

"டோரீன், முட்டைய இவ்ளோ பெருசாவா நறுக்குவ? பல்லு செட் கழண்டு வந்துரும்."

"உன் பல்லு செட்டப் பத்தி ஊருக்கே தெரியும். ரொட்டி ஓரத்த வெட்டு, ஓரத்த. ஸ்டெஃபா பாத்தா ஓரத்தோட வெச்சதுக்கு நம்மள வெளிய தள்ளிக் கதவ..."

பேச்சு நின்றது. கத்தி பலகையில் பட்ட சத்தமும் நின்றது. ஹாலினா உள்ளே நுழைந்தபோது இரண்டு பெண்கள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டோரீனின் முகம் சிவந்திருந்தது.

"பால் வேணும்," என்றாள் ஹாலினா.

வெர்னா சிங்க்கின் முன் நின்றிருந்தார், முதுகைக் காட்டி. அவருக்கு இரண்டு அடி தள்ளிப் பின்கதவு. தாழ்ப்பாள் கழற்றப்பட்டு, அந்த இடத்தில் இரண்டு திருகு ஓட்டைகள் மட்டும் இருந்தன. யார் கழற்றியது என்று தெரியவில்லை. ஜன்னல் மேடையில் அந்த அயர்ன் பாக்ஸ் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. அடிப்பாகம் துருப்பிடித்து, ஒயர் வெட்டப்பட்டு.

வெர்னா திரும்பி, ஃப்ரிட்ஜைத் திறந்து பால் ஜாடியை எடுத்தார். கை ஈரமாக இருந்திருக்க வேண்டும். ஜாடியின் மூடி நழுவித் தரையில் விழுந்து உருண்டது. அவர் காலருகேதான் நின்றது. வெர்னா அதைப் பார்த்தார். குனியவில்லை.

"டோரீன், அதக் கொஞ்சம் எடேன்."

டோரீன் வந்து எடுத்துக் கழுவிக் கொடுத்தார். ஹாலினாவிடம், ஏதாவது பேச வேண்டுமே என்று, "அவளால குனிய முடியாதும்மா. இடுப்புல பாதி ஸ்டீல். போன வருஷத்துலேருந்து அவளுக்கு ஷூ மாட்டிவிடுறதே உங்கம்மாதான்," என்றார்.

வெர்னா பால் ஜாடியை நீட்டிக்கொண்டிருந்தார். ஹாலினா வாங்கவில்லை.

"டோரீன் ஆன்ட்டி, தட்டெல்லாம் வெளிய எடுத்துட்டுப் போறீங்களா? ரெண்டு பேரும்."

அவர்கள் போனார்கள். வெர்னா ஜாடியை மேசைமேல் வைத்தார்.

"அயர்ன் பாக்ஸ் தரையிலதானே இருந்துது?" என்று கேட்டாள் ஹாலினா.

"ஆமா."

"எப்படி எடுத்தீங்க?"

"எடுக்கல. காலால தள்ளினேன்."

"எந்தக் கால்?"

அவருடைய வலது கால் லேசாக வெளிப்பக்கம் திரும்பி, எடை தாங்காமல் நின்றது. இடது காலில்தான் முழு உடம்பும். ஒரு கையால் சிங்க்கின் விளிம்பைப் பிடித்திருந்தார்.

"அஞ்சு நாளா நான் உங்கள என்னெல்லாம் பேசியிருக்கேன்," என்றாள் ஹாலினா. "ஊர் முழுக்க. சர்ச்ல உங்கள என் பக்கத்து பெஞ்சுல உக்காரவிடல. நீங்க மூடவே இல்ல, இல்லையா?"

"மூடினேன்."

"பொய்."

"மெதுவாப் பேசு."

"யாரு ஆன்ட்டி?"

வெர்னா துண்டை எடுத்துக் கைகளைத் துடைத்தார். ஏற்கெனவே காய்ந்திருந்த கைகள்.

"உனக்கு இப்ப யார் மேலயாவது கோவம் வேணும், ஹாலினா. என் மேல வெச்சுக்க. எனக்குத் தாங்கும். புள்ளகுட்டி இல்ல, ராத்திரி ஒரே வீட்டுல உக்காந்து ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்க வேண்டியதில்ல. பேசாம இத இப்படியே விடு."

"யாரோட மூஞ்சிய யாரு பாக்கணும்?"

வெர்னா பின்கதவைப் பார்த்தார். ஹாலினாவும் பார்த்தாள். தாழ்ப்பாள் இருந்த இடத்து ஓட்டைகள் ஒரே அளவில், சுத்தமாக இருந்தன. மரத்தில் ஒரு கீறல் இல்லை. ஒவ்வொரு திருகையும் சரியான முனையால், அவசரமில்லாமல் சுற்றி எடுத்த கை. அந்த வேலையை அவள் வேறெங்கோ பார்த்திருக்கிறாள்.

அப்புறம், இன்று காலை மைனஸ் முப்பத்தெட்டில் வண்டி முதல் திருப்பலிலேயே கிளம்பியது நினைவுக்கு வந்தது. அது எப்போதும் அப்படித்தான் கிளம்பும். ராத்திரியானால் அப்பா, எஞ்சின் உறையாமலிருக்க, அதன் ஹீட்டரை மறக்காமல் ப்ளக்கில் சொருகிவிடுவார். அது ஒருநாளும் கிளம்பாமல் நின்றதாக அவளுக்கு ஞாபகம் இல்லை.

ஹாலில் முரியல் கரண்டியால் கோப்பையைத் தட்டும் சத்தம் கேட்டது.

"போ," என்றார் வெர்னா. "உன்னத் தேடுவாங்க."

*

நாற்காலிகளை வளைவாகப் போட்டிருந்தார்கள். சங்கத்துப் பெண்கள் முன்வரிசையில், ஊர்க்காரர்கள் பின்னால். அப்பா ஓரமாக, தொப்பியைத் தொடைமேல் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் ஹாலினாவுக்கு ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அவள் உட்கார்ந்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. கோட்டின் கைப்பட்டி ஓரம் நூல் பிரிந்திருந்தது. அம்மா இருந்திருந்தால் நேற்றே தைத்திருப்பாள்.

முரியலுக்குக் கையில் காகிதம் தேவையில்லை. சேர்ந்த வரிசைப்படி எல்லாப் பெயரும் மனப்பாடம்.

"டோரீன் ஃபைஃப்."

"இருக்கேன்."

அடுத்த பெயர். இருக்கேன். அடுத்தது. ஒருத்தி மருத்துவமனையில். காரணம் சொல்லப்பட்டது, இரண்டு பேர் தலையசைத்தார்கள். பெயர்கள் வழுக்கிக்கொண்டு போயின. ஹாலினா எண்ணவில்லை. அப்பாவின் விரல்கள் தொப்பியின் விளிம்பைச் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெர்னா கோவல்சுக்."

சுவர் ஜன்னலுக்கு அப்பால் வெர்னா துண்டோடு நின்றுகொண்டிருந்தார். எல்லோருக்கும் தெரியும்படிதான் நின்றார். வாயைத் திறக்கவில்லை. ஹாலுக்குள் வரக்கூடாது என்று சொல்லப்பட்டவர்.

"காரணம்?" என்றார் முரியல்.

டோரீன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்வரிசையில் யாரோ கோப்பையைக் கீழே வைத்தார்கள். எழுந்து சொல்ல வேண்டியது ஹாலினாதான். காரணம் அவள்தான். அவள் நாற்காலியின் விளிம்பைப் பிடித்தபடி அமர்ந்திருந்தாள். முரியல் தேவைக்கு மேல் ஒரு நொடி காத்திருந்தார். பிறகு, அந்தச் சங்கத்தில் அவள் ஒருபோதும் கேட்டிராத ஒன்றைச் சொன்னார்.

"காரணம் சொல்லப்படல."

தொப்பியைச் சுற்றிய விரல்கள் நின்றன.

"ஸ்டெஃபானியா ஹ்ரிட்சாக்."

கொதிக்கும் காபிப் பாத்திரத்தின் சத்தம் மட்டும் இருந்தது. கூப்பிட்டதும் கொஞ்ச நேரம் விட வேண்டும், பதில் வருமா என்று பார்ப்பதுபோல. அதுவும் வழக்கம்தான்.

"காரணம்?"

ஹாலினா எழுந்தாள். ஓய்வெடுக்கிறாங்க. ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். வாயைத் திறந்தபோது அவள் கையின்மேல் அப்பாவின் கை விழுந்தது. கையுறை இல்லாத, கல்லறையிலிருந்து இன்னும் குளிர்ந்தே இருந்த கை. அவளை மெதுவாக உட்காரவைத்துவிட்டு, அதே அழுத்தத்தில் அவர் எழுந்தார்.

முரியலைப் பார்க்கவில்லை. சுவர் ஜன்னலைப் பார்த்தார்.

"வெர்னா உள்ளதான் இருக்கா," என்றார். "அவ வராம இல்ல."

"நெஸ்டர்," என்றார் வெர்னா, உள்ளேயிருந்து. "உக்காருங்க."

"வண்டி ஸ்டார்ட் ஆச்சு அன்னிக்கு." அவர் குரல் சாதாரணமாக இருந்தது, கடையில் ஆணி அளவு சொல்வதுபோல. "வந்தேன். முன்பக்கம் தெருவுல நின்னு ஹார்ன் அடிச்சேன். உள்ள லைட் எரிஞ்சுது. வரல. காலையில எங்களுக்குள்ள கொஞ்சம் பேச்சு ஆகியிருந்துது. வேணும்னே நிக்கவைக்கிறான்னு நெனச்சேன். ரொம்ப நேரம் அடிச்சேன். அப்புறம் வெர்னாவோட போயிட்டாப்போலன்னு வீட்டுக்குப் போயிட்டேன்."

ஹாலினா அவருடைய கைப்பட்டியில் தொங்கிய நூலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்னால் ஹார்ன். பின்னால், இரண்டு சுவருக்கு அப்பால், படியில் அம்மா.

"அதுக்கு முன்னாடி பின்பக்கம் போனேன்," என்றார் அப்பா. தொப்பி கீழே விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. "எப்பவும் அந்த வழியாத்தான் வருவேன். கதவு தெறந்து கெடந்துது. சூடெல்லாம் புகையா வெளிய போயிட்டு இருந்துது. எறங்கி, அந்த அயர்ன் பாக்ஸக் காலால உள்ள தள்ளினேன்."

அவர் முரியல் பக்கம் திரும்பினார். கேட்டவருக்குத்தான் பதில் சொல்ல வேண்டும்.

"கதவ நான்தான் மூடினேன்."